காப்பீட்டுக்குப் பள்ளி வழி

புது தில்லி: குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வகை செய்யும் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு 2018-ல் தொடங்கப்பட்டது. பயனாளிகள் பெரும்பாலும் 2011 சமூக, பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்து, விண்ணப்பமின்றியே தேர்வாயினர். ஆகவே, தமக்குத் தகுதி உண்டு என்பதையே பல குடும்பங்கள் அறியவில்லை.

அக்குடும்பங்களின் பிள்ளைகளை அரசு அறியும். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளில் ஆண்டுதோறும் பரிசோதனை நடத்துகின்றன. இதயக் குறைபாடு கண்டறியப்பட்டால் சிகிச்சை இலவசம். ஆனால் அத்திட்டம் பிள்ளைக்காக வகுக்கப்பட்டது. பெற்றோரின் காப்பீடு அதன் நோக்கமன்று.

பெற்றோர் கூட்டத்திலேயே அட்டைப் பதிவையும் நடத்தினால் இந்த இடைவெளி குறையும். எனினும், தேர்தல், கணக்கெடுப்புப் பணிகளைச் சுமக்கும் ஆசிரியர்கள் மீதே இதையும் ஏற்றினால் கற்பித்தல் பாதிக்கப்படும். பள்ளி இடம் தரட்டும். பதிவைச் சுகாதாரத் துறை ஊழியர்களே மேற்கொள்ள வேண்டும்.