தட்டைப் பிரிக்கிறீங்க, சன்னலைத் திறக்க மாட்டேங்கிறீங்க

எங்க பக்கத்துல ஒரு வீட்டுல யாருக்காவது காசநோய்னு தெரிஞ்சா முதல் காரியம் தனித் தட்டு, தனிச் சொம்பு. மருமகளா இருந்தா பேசாம தாய் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கலை. தட்டுல, துணியில, தொடறதுல இந்த நோய் ஒட்டாது. நுரையீரல்ல நோய் இருக்கிறவர் இருமும்போது கிருமி காத்துல மிதக்குது, அடைச்ச அறையில அது மணிக்கணக்கா தங்கும். கூட இருக்கிறவங்க அதை மூச்சுல இழுக்கிறாங்க, அவ்வளவுதான்.

திருமலையிலிருந்து ஆரணி வரைக்கும் தறி வீடுகளைப் பாருங்க. பட்டு இழைக்குக் காத்து ஆகாதுன்னு சன்னலை மூடி வச்சிருப்பாங்க. வேலையும் அதே அறை, தூக்கமும் அதே அறை. இருமினா தறித் தூசும்பாங்க, எங்க ஆளுங்கன்னா பீடி இருமல்னு முடிச்சுடுவாங்க. ரெண்டு வாரம் தாண்டின இருமல், சாயங்காலக் காய்ச்சல், இளைச்சுக்கிட்டே போற உடம்பு இருந்தா சளியைக் கொண்டுபோய்க் கொடுக்கணும். அரசு ஆஸ்பத்திரியில காசு கிடையாது. "சின்னதுல பிசிஜி போட்டாச்சே"ன்னு இருக்காதீங்க. 1968ல செங்கல்பட்டு மாவட்டத்துல ஆரம்பிச்ச பெரிய ஆய்வுல, பெரியவங்க நுரையீரல் நோயை அந்த ஊசி தடுக்கலைன்னு தெரிஞ்சுபோச்சு. குழந்தைகளுக்கு வர்ற மூளைக்காய்ச்சல் மாதிரி கடுமையான வகைக்குத்தான் அது காவல்.

தனியா ஒதுக்கி வைக்கிறதுல அர்த்தமில்லைன்னும் நம்ம சென்னையிலதான் நிரூபிச்சாங்க. 1956ல சேத்துப்பட்டுல (எங்க மாவட்டத்துச் சேத்துப்பட்டு இல்லை) ஏழை நோயாளிகள்ல பாதிப் பேரை சானடோரியத்துல வச்சாங்க, மீதிப் பேருக்கு வீட்டுலயே மருந்து கொடுத்தாங்க. சானடோரியத்துல நல்ல சாப்பாடு, ஓய்வு. வீட்டுல நெரிசலும் அரை வயிறும். ஆனாலும் ஒரு வருசத்துல ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி குணமாச்சு. வீட்டு ஆளுங்களுக்கும் அதனால கூடுதலா நோய் வரலை. மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, தெரியாம இருமிக்கிட்டுத் திரிஞ்ச நாள்லதான் பெரும்பாலும் தொத்தியிருக்கு. அப்போ மறைக்கிற ஒவ்வொரு மாசமும் யாருக்குக் கேடு?

அரை வயிறுன்னா பரவாயில்லைன்னு நான் சொல்லலை. ஜார்க்கண்ட்ல நோயாளி வீட்டு ஆளுங்களுக்கு மாசாமாசம் அரிசி பருப்பு கொடுத்துப் பாத்தாங்க, புதுசா நோய் வர்றது ஏறக்குறைய 40 சதவீதம் குறைஞ்சது. 2023ல அந்த முடிவு வெளிவந்தது. நோயாளிக்கு அரசு தர்ற மாசம் 500 ரூபாயை 2024 நவம்பர்லருந்து 1000 ஆக்கியிருக்காங்க. பருப்பு விக்கிற விலைக்கு அது எத்தனை நாளைக்கு வரும்னு நீங்களே கணக்குப் போடுங்க.

மாத்திரை ஆறு மாசம். சிறுநீர் ஆரஞ்சா போகும், பயப்பட வேண்டாம், அது மருந்தோட நிறம். ரெண்டு மாசத்துல உடம்பு தேறினதும் நிறுத்தினா கிருமி மருந்துக்கு அடங்காததா மாறிடும், அப்புறம் வைத்தியம் ரொம்பக் கஷ்டம்.

பட்டணத்துல இருக்கிறவங்ககிட்ட ஒண்ணு கேக்கிறேன். எங்க ஊர்ப் பசங்க அங்கே எட்டுப் பேர் ஒரே ரூம்ல தங்கி உங்க கடையில, உங்க அபார்ட்மென்ட் வாசல்ல வேலை பாக்குறாங்க. ஒருத்தனுக்கு நோய்னு தெரிஞ்சா கணக்கு முடிச்சு பஸ் ஏத்தி விடாதீங்க. மருந்து ஒழுங்கா சாப்பிட்டா சில வாரத்துலயே பெரும்பாலும் தொத்துறது நின்னுடும். அதுவரைக்கும் சம்பளத்தோட லீவு கொடுங்க, கூடத் தங்கின ஏழு பேரையும் சோதனைக்கு அனுப்புங்க.