பட்டியலில் வராத கணக்கு

சென்ற மாதம் எமதூர்ச் சகோதரி ஒருவர் தன் மகளுடன் வீட்டுக்கு வந்திருந்தார். மகளுக்கு முகாமைத்துவப் பாடநெறிக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருக்கிறது. தாயின் முகத்திலோ சந்தோசம் இல்லை.

"ஹஸ்ரத், இந்தக் கம்பஸ் உலகப் பட்டியலில் எங்கேயோ கடைசியிலாம். தம்பிட மகன் போன்ல காட்டினான். அவ்வளவு தூரம் புள்ளய அனுப்பத்தான் வேணுமா?"

இப்படிக் கேட்பவர் அவர் மட்டுமல்லர். எனவே இம்மாதம் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

2003இல் சீனாவின் ஷாங்காய் நகரிலுள்ள பல்கலைக்கழகமொன்று வெளியிட்ட பட்டியல், இத்தகைய உலகப் பட்டியல்களில் முன்னோடியானது. அதில் 100 புள்ளிகளில் 30, பழைய மாணவரும் ஆசிரியரும் பெற்ற நோபல் பரிசுகளுக்கும் ஃபீல்ட்ஸ் எனும் கணிதப் பதக்கத்துக்கும் உரியவை. மீதியில் பெரும்பகுதி ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கு. வகுப்பில் எப்படிப் படிப்பிக்கிறார்கள் என்பதற்குத் தனிப் புள்ளி கிடையாது. கணக்கியல் படிக்கப் போகும் நம் பிள்ளைக்கு இதனால் என்ன தெரியப் போகிறது?

ஒரு கொத்து அரிசியில் எட்டுப் பேருக்குச் சோறாக்கும் பெண்ணையும், இரண்டு கொத்தில் பத்துப் பேருக்கு ஆக்கும் பெண்ணையும் நிறுத்தி, பத்துதான் பெரிது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அந்தக் கணக்கை மறந்து விடுகிறோம். கூடிய இசற் புள்ளி பெற்றவர்கள் பெரும்பாலும் பழைய, பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களையே முதலில் கேட்கிறார்கள். கெட்டிக்காரரை எடுத்துக் கெட்டிக்காரராகவே வெளியே விடுவது பெரிய சாதனையா?

உள்ளே போவதையும் வெளியே வருவதையும் சேர்த்துப் பார்க்கும் முறையொன்றை 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் என்ற மூவர் வெளியிட்டனர். அமெரிக்க அரசாங்கப் பாடசாலைகளில் பின்தங்கிய பிள்ளைகளுக்கென நடந்த திட்டமொன்றை ஆராயப் போய்ப் பிறந்த முறை அது. விரிவுரையாளர் தொகை, செலவு, சேரும் மாணவரின் தரம் ஒரு பக்கம். பட்டதாரிகள், ஆராய்ச்சி மறுபக்கம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதற்கு மிகச் சாதகமான விதத்திலேயே கணக்குப் போடுவார்கள். அப்படியிருந்தும், அதேயளவு வளத்தில் மற்றவர்கள் கூடுதலாகச் செய்திருந்தால் புள்ளி 1ஐ விடக் குறையும். அதைத்தான் வினைத்திறன் என்கிறார்கள். நியாயமான முறை என்றே எனக்குப் படுகிறது.

ஆனால் இதிலும் ஓட்டை உண்டு. எல்லோருமே சோம்பலாக இருந்தால், அவர்களுள் குறைந்த சோம்பேறிக்கு முழுப் புள்ளி! எமது நாட்டில் மானியங்கள் ஆணைக்குழுவின் கீழுள்ளவை 17 பல்கலைக்கழகங்களே. இத்தனை சிறிய தொகையில் பல விடயங்களைச் சேர்த்து அளந்தால் அநேகமானவை 1 பெற்றுவிடும். ஒரு விரிவுரையாளருக்கு நூறு மாணவரைத் திணித்தாலும் கணக்கில் அது சிக்கனமாகத்தான் தெரியும். பாதிக்கப்படுவது பிள்ளை.

என் மனதை உறுத்துவது காலம். எண்பதுகளின் இறுதியில் பல்கலைக்கழகங்கள் நீண்ட காலம் மூடிக் கிடந்ததை நம்மில் பலர் அறிவோம். 2020இல் கொரோனா, பின்னர் 2022இன் பொருளாதார நெருக்கடி. நான்கு வருடப் படிப்பு ஐந்து, ஆறு என இழுபட்டால் அந்த மேலதிக வருடத்தின் விடுதிச் செலவும் பஸ் காசும் வாப்பாவின் கையிலிருந்து போகின்றன. பெண் பிள்ளையென்றால் கல்யாணப் பேச்சுகளும் தள்ளிப் போகின்றன. சில வீடுகளில் படிப்பே இடையில் நின்று விடுகிறது. வளங்களைச் செலவும் ஆளணியுமாக மட்டும் எண்ணும் ஆய்வில் இவை வருவதில்லை.

"பட்டியலை விடுங்கள். கடந்த தொகுதியினர் எந்த மாதம் சேர்ந்தார்கள், எந்த மாதம் முடித்தார்கள், எத்தனை பேர் இடையில் விட்டார்கள் என்று கேளுங்கள்" என்றேன். மகள் உடனே தன் பாடசாலையில் படித்த லாத்தா ஒருவருக்குப் போன் எடுத்தாள். இடையில் தாய் போனை வாங்கி, விடுதியில் தண்ணீர் ஒழுங்காக வருமா என்று கேட்டார். அதுவும் எந்தப் பட்டியலிலும் இல்லைதான்.