வெண்பாப் போட்டி ஒன்று வேண்டும்

நம் கல்லூரியிலே பந்தாட்டத்திற்குக் குழுக்கள் உண்டு. சொற்போருக்கு மன்றம் உண்டு. இசைக்கும் நாடகத்திற்கும் ஆண்டுதோறும் அரங்கமைத்துப் பரிசளித்து வருகின்றோம். பொழுதுபோக்காக வெண்பா இயற்றும் மாணவர்க்கு மட்டும் களமென ஒன்றும் இல்லை. அத்தகையோர் இக்காலத்தும் உளரோ என ஐயுறுவார் விடுதியின் உணவுக்கூடத்திற்கு ஒருநாள் வந்து பார்ப்பாராக. சாம்பாரின் நீர்மையைப் பழித்தும், வைகறை மணியின் வன்கண்மையை நொந்தும், குறிப்பேட்டின் பின்னட்டையில் வெண்பா எழுதுவோர் ஏழெண்மர் ஆங்கே உளர். அவருள் இருவரே தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர். ஏனையோர் வேதியியலும் வணிகவியலும் பயில்பவர். அவருள்ளும் மூவர் வரும் ஆண்டின் இறுதியில் தேர்வெழுதி நம்மை விட்டு நீங்குவர். அவர் சென்றபின் இவ்வழக்கம் எஞ்சுமோ என்பது என் கவலை. ஆதலின், அடுத்த கல்வியாண்டின் தொடக்கத்திலேயே இவர்க்கென முதற்போட்டி ஒன்று நிகழ்தல் வேண்டும் என்பதும், அதனை மாணவர் தாமே, சிறிய அளவில், விதிகளை முன்னரே வகுத்துக்கொண்டு நடத்துதல் வேண்டும் என்பதும் என் கருத்து.

வெண்பா போட்டிக்கு மிக ஏற்றதொரு பாவகை. சிறுகதையிலும் புதுக்கவிதையிலும் ஒருவர்க்கு இனிப்பது மற்றொருவர்க்குக் கசக்கும். வெண்பாவிற்கோ எண்ணிப் பார்க்கத்தக்க அளவுகோல் உண்டு. மாமுன் நிரையும், விளமுன் நேரும், காய்முன் நேரும் வருதல் வேண்டும், கனிச்சீர் புகலாகாது, ஈற்றடி முச்சீராய் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றால் முடிதல் வேண்டும். தளை தட்டிற்றா இல்லையா என்பதில் நடுவரின் விருப்பு வெறுப்புக்கு இடமே இல்லை. கற்றுக்குட்டிக்கும் கைதேர்ந்தவனுக்கும் இதனினும் நடுநிலையான தராசு கிடைத்தல் அரிது.

ஈற்றடி ஒன்றைக் கொடுத்து மேலடிகளைப் பாடச் செய்வது நம் முன்னோர் ஆடிய ஆட்டம். அதனையே நாமும் கைக்கொள்ளலாம். ஆயின் ஈற்றடியைத் தேர்வதில்தான் போட்டியின் உயிர் இருக்கிறது. ‘மழைக்கேங்கும் மண்ணின் மனம்’ என யான் இட்டுக்கட்டிய ஈற்றடி ஒன்றைக் கொள்வோம். இது நிரையசையில் தொடங்குதலின், மூன்றாம் அடியின் இறுதிச்சீர் மாச்சீராதல் வேண்டும் என்பது அப்போதே முடிவாகிவிடுகிறது. எதுகைக்கு இழை, பிழை, தழை, விழை, உழை எனச் சொற்கள் வாயிலில் வந்து நிற்கின்றன. பொருளும் கிராமத்துப் பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளைக்கும் பொதுவானது. இதற்கு மாறாக, எஃகு எனத் தொடங்கும் ஓர் அடியைக் கொடுத்துவிட்டாலோ, அஃது, இஃது, அஃகல், வெஃகல் எனச் சிலவற்றைத் தாண்டி எவரும் நகரார். அது போட்டியன்று, பொறி. தம் புலமையைக் காட்ட விழைவார் ஈற்றடி வகுக்கும் பணியை ஏற்காதிருத்தல் நலம்.

நிற்க. போட்டி முடிந்தபின் பூசல் விளையும் இடங்கள் சில உள. அவற்றை முன்னரே அடைத்தல் வேண்டும். சீர்க்கென ஒரு சொல்லைப் பிளக்கும் வகையுளி ஏற்கப்படுமா? தளை சிதையும் இடத்துக் குற்றியலிகரத்தை அலகு பெறாததாகக் கொள்ளலாம் எனக் காரிகை தரும் சலுகை இங்கும் செல்லுமா? தனிச்சொல் இல்லாத இன்னிசை வெண்பாவுக்கு இடமுண்டா? என் விடை மூன்றற்கும் ஆம் என்பதே. முதற்போட்டியில் வாயில் அகலமாக இருத்தல் வேண்டும். அடுத்தடுத்த ஆண்டுகளில் வேண்டுமாயின் ஒடுக்கிக்கொள்ளலாம். சந்திப் பிழையை மட்டும் யான் பொறேன். எவ்வாறாயினும் விடை என்னவென்பதை ஒரு தாளில் எழுதி, போட்டிக்குப் பதினைந்து நாள் முன்னரே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுதல் வேண்டும். அன்றைக்கு அரங்கில் புதுவிதி பேசுதல் எவர்க்கும் ஆகாது, பேராசிரியர்க்கும் ஆகாது.

விதிகளை யான் இத்துணை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஹங்கேரி நாட்டு எர்னோ ரூபிக் 1974-இல் படைத்த வண்ணக் கனசதுரத்தை நம் விடுதி அறைகளிலும் காணலாம். அதனை விரைந்து சேர்ப்பார்க்கென முதல் உலகப் போட்டி 1982-இல் புடாபெஸ்ட் நகரில் பெருஞ்சிறப்போடு நடந்தது. 19 நாடுகளின் வாகையர் கூடினர். மின் தாய் என்னும் இளைஞர் 22.95 நொடியில் முடித்து வென்றார். அதன்பின் அப்பொம்மையின் மோகம் தணிந்தது. 21 ஆண்டுகள் உலகப் போட்டியே இல்லை. 2003-இல் கனடாவின் டொரான்டோவில் ஆர்வலர் மீண்டும் கூடினர். அடுத்த ஆண்டே ரான் வான் புரூகம், டைசன் மாவ் என்னும் இருவர் உலகக் கனசதுரச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். எங்கு நடப்பினும் ஒரே விதி, ஒரு சுற்றில் ஒரே குழுவில் நிற்பார் யாவர்க்கும் ஒரே கலைப்பு, ஐந்து முயற்சிகளுள் சிறந்ததையும் கடையதையும் தள்ளி எஞ்சிய மூன்றன் சராசரி, போட்டியிடுவோரே மற்றையோர்க்கு நடுவராய் நிற்றல்: இவையே அவர்தம் முறை. புடாபெஸ்டின் அரங்கு ஒருமுறை ஒளிர்ந்து அணைந்தது. இம்முறையோ சிற்றூர்ப் பள்ளிக் கூடத்திலும் நடத்தத்தக்கதாய்ப் பல நாடுகளிலும் பரவிற்று.

அதிலிருந்து நமக்குக் கொள்ளத்தக்கன இரண்டு. ஒரே ஈற்றடியோடு நில்லாது மூன்று கொடுத்தல் வேண்டும். ஒன்றில் நற்பேற்றால் வென்றவன் மூன்றிலும் வெல்லான். ஒவ்வொன்றிற்கும் அரைமணி போதும். தாளில் பெயரின்றி எண் மட்டும் இருக்க, ஒருவர் பாட்டை மற்றிருவர் அலகிட்டுத் தளை பார்க்கட்டும். அவர் மாறுபட்டால், யாப்பை ஆராயும் கணினிச் செயலிகள் இன்று உள. அவை நடுவர் மேசைமீது இருக்கலாம், எழுதுவோர் கையில் இருத்தலாகாது. தளை தட்டாத பாக்கள் மட்டுமே பொருள்நயம் காண்பாரிடம் செல்லுதல் வேண்டும். பிறர் வெண்பாவை அலகிட்ட கை தன் வெண்பாவைத் திருத்தவும் கற்கும் என்பது இம்முறையின் தனிப்பயன்.

எத்தனை பேர் வருவர் என்று என் நண்பர் ஒருவர் நகைத்தார். இலண்டனில் 1991-இல் நடந்த முதல் உலக நினைவாற்றல் போட்டிக்கு வந்தோர் எழுவரே. அது பின்னர் ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமாயிற்று. நம் உணவுக்கூடத்திலேயே அத்தொகை உளது.

கவிதையைப் பந்தயம் ஆக்கலாமா என்னும் தடை வலியது. ஆயின் யான் கேட்பது கவிதைக்குரிய பந்தயம் அன்று. யாப்புப் பயிற்சிக்குரிய விளையாட்டே. 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் நிகழ்த்தியபோது, புலமையை அவைமுன் ஆடிக்காட்டுவதை இழிவென்று எவரும் கருதினாரல்லர். அங்கே ஒருவர் ஆட அவை வியந்தது. நமக்கு வேண்டுவதோ பலர் ஆடுதல். நன்றாக ஆடாதவரும் ஆடுதல். வகுப்பிலே காரிகையைப் படித்துத் தேர்வில் நூற்பாவை ஒப்பித்து, வாழ்நாளில் ஒரு வெண்பாவும் எழுதாமற் பட்டம் பெறுவோர் எம்முள் பலர். நீச்சல் நூலைப் படித்துக் கரையில் நிற்பாரை ஒத்தது அது.

செலவு என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. தாளும், ஓர் அறையும், ஒரு சனிக்கிழமை முற்பகலும் போதும். பரிசாக மூன்று நூல்கள் வாங்கலாம். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை ஆகியவற்றுக்கு மட்டும் இடமில்லை. அவை புகுந்தால் வெண்பாவுக்கு நேரம் இராது.

எஞ்சியிருப்பது ஈற்றடி ஒன்றே. அதனை உள்ளிருப்போர் வகுத்தால் முன்னரே கசிந்தது என்னும் பழி எழும். ஆதலின் இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவர், தத்தம் ஊரிலிருந்து ஆளுக்கோர் ஈற்றடி வரைந்து, உறையிலிட்டுத் தமிழ்த்துறைக்கு அனுப்புவாராக. எதுகைக்கு ஐந்தாறு சொற்களேனும் கிடைக்கின்றனவா எனத் தாமே ஒருமுறை பார்த்துக்கொண்டு அனுப்புவாராக. வந்த உறைகளுள் மூன்றை அன்று காலை அனைவர் முன்னிலையிலும் எடுத்துப் பிரிப்போம்.