உதவி வாசல் தேடிப் போக வேண்டும்

பாடாங் செராய் வட்டாரத்தில், விக்டோரியா, ஹென்ரியட்டா போன்ற தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு இது தெரிந்த கதை. லயத்துக் காலத்தில் யார் வீட்டு அடுப்பு எரியவில்லை என்பதை யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலை பிரட்டுக் களத்தில் ஓர் ஆள் குறைந்தால் பத்துப் பேர் விசாரிப்பார்கள். சாவு விழுந்தால் ஆளுக்கு ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று வாசலிலேயே பணம் சேர்ந்துவிடும்.

இன்று நம் மக்களில் பெரும்பகுதியினர் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் குடிபோய்விட்டார்கள். கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே என்ன நடக்குதுன்னு பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியறதில்லே. வறுமை போகவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கதவை யார் தட்டுவது? அதுதான் இன்றைய கேள்வி.

இந்த வேலையையே வழிபாடாக எடுத்துக்கொண்ட ஒரு கூட்டம் கத்தோலிக்கர்களிடையே உண்டு. புனித வின்சென்ட் தே பவுல் சபை என்பது அதன் பெயர். இன்று 150 நாடுகள் அளவில் பரவியிருக்கிறது. நம் நாட்டிலும் பங்குக் கோயில்களில் இயங்குகிறது. நாம் இந்துவாக இருந்தாலும் சரி, வேறு மதமாக இருந்தாலும் சரி, அவர்கள் வேலை செய்யும் முறையில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

வின்சென்ட் தே பவுல் பிரெஞ்சு நாட்டுப் பாதிரியார். 1617-ஆம் ஆண்டு ஷாத்தியோன் என்ற சிற்றூரில், ஒரு குடும்பமே நோயில் விழுந்து பட்டினி கிடப்பதைக் கோயிலில் எடுத்துச் சொன்னார். ஊரே உணவைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு ஓடியது. பாதிரியார் யோசித்தார். இன்றைக்கு இவ்வளவும் வந்துவிட்டது; சாப்பிட்டது போக மீதி கெட்டுப்போகும். நாளைக்கு? அடுத்த வாரம்? அன்பு இருந்தது, ஒழுங்கு இல்லை. உடனே அவ்வூர்ப் பெண்களைச் சேர்த்து முறை வைத்தார். ஒருநாள் ஒருவர் என்று சமைத்துக் கொண்டுபோகச் செய்தார்.

தீபாவளிக்கு முதல் வாரம் ஒரே வீட்டுக்கு நாலு மூட்டை அரிசி வந்து இறங்குவதையும், மாசி மாதத்தில் அதே வீட்டுப் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பார்க்காததையும் நாம் பார்க்கிறோமா இல்லையா? நானூறு ஆண்டுக்கு முந்திய அந்தப் பாடம் நமக்கும் பொருந்தும்.

அவர் பெயரைத் தாங்கிய இந்தச் சபை பிறந்தது 1833-இல். அதற்கு முந்திய ஆண்டு பாரிஸ் நகரத்தைக் காலரா உலுக்கி எடுத்திருந்தது. ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற கல்லூரி மாணவர் மதத்தின் பெருமையைப் பேசியபோது, "பழைய கதை இருக்கட்டும், இன்றைக்கு ஏழைக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்ற கேள்வி எதிர்த் தரப்பிலிருந்து வந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தம்மிடம் மிஞ்சியிருந்த விறகை ஒரு நண்பரோடு சேர்ந்து ஏழை வீட்டுக்குச் சுமந்துபோனார் என்று சொல்வார்கள். 1833 ஏப்ரல் 23-ஆம் நாள் ஏழு பேர் கூடினார்கள். அன்று ஓசானாமுக்கு வயது சரியாக இருபது. ஏழைக் குடிசைக்குள் எப்படி நுழைவது, எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் ரொசாலி என்ற கன்னியாஸ்திரீ. தொடக்கத்தில் ஆண்கள் மட்டுமே இருந்த சபை, பின்னாளில் பெண்களையும் சேர்த்துக்கொண்டது.

அவர்கள் நடைமுறை மிக எளிது. குறித்த நாளில் கூடுவார்கள், செபம் செய்வார்கள். கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. ஐந்து வெள்ளி போட்டவருக்கும் ஐம்பது போட்டவருக்கும் ஒரே மரியாதை. பிறகு இரண்டிரண்டு பேராக வீடுகளுக்குப் போவார்கள். போய் உட்கார்ந்து பேசி, என்ன தேவை என்று கண்ணால் பார்த்து, அடுத்த கூட்டத்தில் சொல்வார்கள். அந்த வீட்டுச் சேதி வெளியே போகாது. எந்த மதம் என்றும் கேட்பதில்லை.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்றார்கள் நம் பெரியோர். வீட்டுக்குள் போகாமல் பாத்திரத்தை எப்படி அறிவது? நம்ம ஊரில் என்ன நடக்கிறது? ஏழையை மேடைக்கு வரச் சொல்கிறோம். வரிசையில் நிறுத்துகிறோம். பையைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுக்கிறோம். மறுநாள் அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தலை நிமிர்ந்து நடக்குமா? பத்துக் கிலோ அரிசிக்கு ஒரு குடும்பத்தின் மானத்தை விலையாக வாங்கலாமா? மானத்துக்குப் பயந்தே கேட்காமல் கிடப்பவர்கள்தான் நம்மில் அதிகம். அவர்களை மேடைக்கு அழைத்தால் வரமாட்டார்கள். நாம்தான் போக வேண்டும்.

போகிறவர் அரிசியோடு நின்றுவிடவும் கூடாது. சொக்சோ ஓய்வூதியம் கிடைக்க வேண்டிய விதவை, பாரம் எழுதத் தெரியாமல் சும்மா இருப்பார். ஊழியர் சேமநிதியில் பணம் இருந்தும் வாரிசுக்கு விவரம் தெரிந்திருக்காது. பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இருந்தும் அடையாளக் கார்டு வந்திருக்காது. இப்படிப்பட்டவரைப் பதிவு இலாகாவுக்குக் கூட்டிக்கொண்டு போகும் ஒருநாள் வேலை, பத்து மூட்டை அரிசிக்குச் சமம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தருமத்தைக் காட்டி உரிமையை மறக்கச் செய்யும் வேலைக்கு நாம் துணைபோக முடியாது. ஓசானாமும் அதை ஏற்கவில்லை. தொழிலாளியின் கூலி அவன் பிழைப்புக்கு மட்டுமல்ல, பிள்ளைகளின் படிப்புக்கும் முதுமைக்கும் போதுமானதாக இருக்க வேண்டும் என்று 1840 வாக்கிலேயே அவர் பாடம் நடத்தினார். 2025 பிப்ரவரியில் இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதில் அந்த மூன்றுக்கும் இடம் உண்டா என்று ஒவ்வொரு குடும்பமும் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். சங்கம் கேட்க வேண்டியதைச் சங்கம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் சம்பளப் பேச்சுவார்த்தை முடியும் வரை பக்கத்து வீட்டுக் குழந்தையின் பசி காத்திருக்காது. இரண்டும் நடக்க வேண்டும்.

கெடா தோட்டத்து ஆண்களுக்குக் கூடி வேலை செய்வது புதிதல்ல. 1946, 47-ஆம் ஆண்டுகளில் ஏ.எம்.சாமி தலைமையில் தொண்டர் படை திரண்டு கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது இந்த மண்ணில்தான். அந்த ரத்தம் வற்றிப் போய்விட்டதா என்ன? இன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் நாலு பேர் கூடினால், கூடுகிற இடம் எதுவாக இருக்கிறது என்பதை நாம் எழுதித் தெரிய வேண்டியதில்லை. வீட்டுப் பெண்கள் அண்டை வீட்டுக்கு ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்து இந்த அறத்தைக் காப்பாற்றி வருகிறார்கள். ஆண்கள்தான் ஒதுங்கி நிற்கிறார்கள்.

கோயில் கமிட்டியாக இருக்கட்டும், பங்குக் கோயில் சபையாக இருக்கட்டும், இளைஞர் மன்றமாக இருக்கட்டும், பெயர் முக்கியமில்லை. ஏழு பேர் சேருங்கள். ஒரு பை வையுங்கள். வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பேர் ஒரு வீட்டுக்குப் போய்வாருங்கள், அண்ணன்மாரே, தம்பிமாரே. படம் எடுக்கும் போனை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்!