விளையாட்டுக்கு விலங்கா?

வீடியோ விளையாட்டுகளில் சுடுவதும் வெட்டுவதும் மலிந்துவிட்டன. அவற்றை ஆடும் பிள்ளைகள் முரடர்களாகின்றனர். ஆகவே சர்க்கார் அவற்றைத் தடை செய்ய வேண்டும் என்ற கூக்குரல் நம் தேசத்தில் அடிக்கடி எழுகின்றது. எழுப்புவோரில் பலர் பெற்றோரும் உபாத்தியாயர்களுமாவர். அவர்களுடைய கவலையை நாம் ஏளனம் செய்யோம். பிள்ளை கெட்டுவிடுவானோ என்று அஞ்சாத தாய் தந்தையர் இல்லை. ஆயினும் கவலை வேறு, சட்டம் வேறு. கவலையை ஆராயாமல் சட்டமாக்கினால் என்ன நேரும் என்பதற்கு 2019-ம் வருஷம் ராஜகோட்டில் நடந்ததே தக்க சாட்சி.

ராஜகோட் காந்தியடிகள் பள்ளி மாணவராயிருந்து படித்த ஊர். அவ்வூர்ப் போலீஸ் கமிஷனர் அவ்வருஷம் மார்ச்சு மாதத்தில் ஓர் உத்தரவு பிறப்பித்தார். பப்ஜி என்னும் விளையாட்டு இளைஞரிடம் வன்முறைக் குணத்தை வளர்க்கிறது. அவர்கள் படிப்பையும் நடத்தையையும் பேச்சையும் கெடுக்கிறது. ஆதலால் ஏப்ரல் 30 வரை அதை எவரும் ஆடலாகாது என்பது உத்தரவின் சாரம். நூறு பேர் வரை பாராசூட்டில் ஒரு தீவில் இறங்கி, ஒருவரையொருவர் சுட்டு, கடைசியில் எஞ்சுபவர் ஜயிப்பதே அவ்விளையாட்டு. உத்தரவு வெளியான சில தினங்களுக்குள் செல்போனில் அதை ஆடிக்கொண்டிருந்த சுமார் பத்து வாலிபர்களைப் போலீசார் கைது செய்து, பின்னர் ஜாமீனில் விட்டனர். அவர்களுள் காலேஜ் மாணவர்களும் இருந்தனர். அவர்கள் எவரையும் அடித்ததாகக் குற்றச்சாட்டில்லை. எவர் பொருளையும் கவர்ந்ததாகக் குற்றச்சாட்டில்லை. விளையாடினார்கள் என்பதே குற்றம். சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் ஓட்டுப் போடத் தகுதி பெற்ற வயதினர், செல்போனில் எதை ஆடலாம் என்பதற்கு மட்டும் போலீஸ் கமிஷனரின் அனுமதியை எதிர்நோக்க வேண்டுமாம்!

இந்த உத்தரவுக்குப் பயன்பட்ட ஆயுதம் எது? கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 144-வது பிரிவு. மீறியவர் மீது பாய்ந்தது இந்தியன் பீனல் கோடின் 188-வது பிரிவு. இவ்விரண்டு எண்களும் நம் தேச சரித்திரத்துக்குப் புதியவையல்ல. 1917 ஏப்ரலில் சம்பாரணுக்குச் சென்ற காந்தியடிகளை உடனே வெளியேறும்படி ஜில்லா மாஜிஸ்டிரேட் உத்தரவிட்டது அதே 144-வது பிரிவின்படி. அவர் மறுத்து மோதிஹாரிக் கோர்ட்டில் நின்றது அதே 188-வது பிரிவின்படி. செல்போனில் விளையாடிய பையனையும் அவுரிக் குடியானவர்களுக்காக நின்ற மகாத்மாவையும் நாம் ஒப்பிட வரவில்லை. ஆடியவர் வேறு, ஆட்டம் வேறு. ஆனால் கையிலெடுத்த தடி ஒன்றே. கலகமோ உயிர்ச்சேதமோ உடனே நேருமென்று அஞ்சும் சமயத்துக்காக ஏற்பட்ட அதிகாரத்தை, மாணவரின் படிப்பைத் திருத்தப் பிரயோகிப்பது எவ்வகை நியாயம்? 2024 ஜூலை முதல் அப்பிரிவு புதிய சட்டத்தில் 163 என்ற எண்ணைப் பெற்றுள்ளது. எண் மாறியதேயன்றித் தடி மாறவில்லை.

"அப்படியானால் விளையாட்டால் தீமையே இல்லையா?" என்று கேட்பார்கள். நேர்மையாக விடை கூறுவோம். அமெரிக்க மனோதத்துவ சங்கம் 2015-ல் இத்துறை ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தது. வன்முறை விளையாட்டுகளுக்கும் முரட்டு எண்ணம், முரட்டு நடத்தை ஆகியவற்றுக்கும் தொடர்புண்டு என்று அது கூறியது. ஆனால் குற்றச் செயல்களுக்கு அவையே காரணமென்று சொல்லப் போதிய ஆதாரமில்லை என்றும் உடனே கூறியது. கொடுங்குற்றங்களின் பழியை விளையாட்டின் மேல் சுமத்தலாகாதென்று 2020-ல் மறுபடியும் எச்சரித்தது. 2019-ல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் 14, 15 வயதுள்ள 1,004 பிரிட்டிஷ் பிள்ளைகளையும் அவர்தம் பெற்றோரையும் விசாரித்தபோது, ஆட்டத்திலுள்ள வன்முறைக்கும் பிள்ளைகளின் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு காணவில்லை. வீடியோ விளையாட்டின் தாயகங்களுள் ஒன்றாகிய ஜப்பானில் கொலைக் குற்றம் மிகக் குறைவு என்பதும் உலகறிந்த விஷயம். அறிஞர்களிடையே வாதம் இன்னும் முடியவில்லை. வாதம் முடியாத விஷயத்தில் தண்டனை முதலில் வரலாகாதென்பது நியாய சாஸ்திரத்தின் பாலபாடம்.

மற்றோர் ஆக்ஷேபமும் உண்டு. "கீசக வதமும் இரணிய சம்ஹாரமும் கூத்தில் பார்த்தோம், கெட்டுப்போகவில்லை என்கிறீர்கள். கூத்தில் பையன் பார்ப்பவன். இங்கே அவனே துப்பாக்கியின் விசையை இழுப்பவன் அல்லவா?" இது அசட்டை செய்யத்தக்க வாதமன்று. மனத்தில் பதிவது கையால் செய்யும்போது ஆழமாகலாம். ஆனால் இதிலிருந்து பெறப்படுவது என்ன? எட்டு வயதுக் குழந்தை கையில் அவ்விளையாட்டு இருக்கலாகாது என்பது பெறப்படும். இருபது வயது மாணவனைக் காவலில் வைக்க வேண்டுமென்பது எவ்வாறு பெறப்படும்? பாலையும் மருந்தையும் குழந்தைக்கு அளந்து கொடுக்கிறோம். அதற்காக வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோர்க்கும் பாலாடையிலா ஊட்டுகிறோம்?

உண்மையில் பல வீடுகளில் பெற்றோர் கண்ணீர் விடுவது ரத்தக் காட்சிக்காக அன்று. இரவெல்லாம் கண்விழித்துப் பகலில் பள்ளியில் தூங்கும் பிள்ளைக்காக. தந்தையின் பாங்குக் கணக்கிலிருந்து அவரறியாமல் பணம் செலவிடும் பிள்ளைக்காக. விட முடியாதபடி விளையாட்டில் ஆழ்வதை உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய் அட்டவணையில் ஒரு கோளாறாகவே சேர்த்திருக்கிறது. இது மெய்யான தீமை. இதற்கு மருந்து வேறு. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்க 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு சட்டமியற்றியது. அது சூதாட்டத்தைப் பற்றிய கேள்வி. அதன் குணதோஷம் தனியே ஆராயத்தக்கது. சூதையும் சுடுவதையும் நேர விரயத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "தடை" என்று முத்திரை குத்துவதால் மூன்றில் ஒன்றும் தீராது.

தடையின் பலனையும் கண்டோம். 2020 செப்டம்பர் 2-ந் தேதி மத்திய சர்க்கார் 118 செயலிகளை முடக்கியபோது பப்ஜியும் முடங்கியது. அதற்குக் கூறிய காரணம் வன்முறையன்று, தேசத்தின் பாதுகாப்பு. 2021 ஜூலையில் அதே விளையாட்டு வேறு பெயர் தரித்து வந்தது. இம்முறை சுடப்பட்டவன் உடலிலிருந்து வரும் ரத்தம் பச்சை நிறமாயிற்று. 2022-ல் மறுபடியும் முடங்கி, 2023-ல் மறுபடியும் திரும்பிற்று. சிவப்பு பச்சையானதால் பிள்ளைகளின் குணம் எவ்வளவு திருந்திற்று என்பதை எந்த அதிகாரியும் கணக்கிட்டதாக நாம் அறியோம். ஆனால் அந்தப் புதிய பதிப்பில் வேறொரு நற்காரியம் இருந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்குமேல் ஆட முடியாதென்ற வரம்பும், செலவிடும் பணத்துக்கு ஒரு வரம்பும் வைத்தார்கள். தடையால் ஆகாதது வரம்பால் ஓரளவு ஆகக்கூடும் என்பதற்கு இதுவே அறிகுறி.

தணிக்கையைப் பற்றி நாம் இவ்வளவு எச்சரிக்கையாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1876-ம் வருஷத்து நாடகச் சட்டம் இரண்டு காரணங்களை ஒரே மூச்சில் கூறியது. பார்ப்போர் ஒழுக்கத்தைக் கெடுக்கும் நாடகத்தைத் தடுக்கலாம். சர்க்காரிடம் வெறுப்பை மூட்டும் நாடகத்தையும் தடுக்கலாம். ஒழுக்கத்தின் பெயரால் கதவைத் திறந்தால் பின்னோடு அரசியலும் நுழையும் என்பதற்கு இதனினும் தெளிவான தஸ்தாவேஜு வேண்டுமோ? 1928-ல் சென்னை சர்க்கார் பாரதியார் பாடல் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்து முழங்கினார். அன்று அந்நியன் செய்ததைத் தவறென்ற நாம், இன்று நம்மவர் செய்தால் சரியென்று எந்த வாயால் சொல்வது?

பிற நாட்டு அனுபவமும் இதுவே. கலிபோர்னியா மாகாணம் 2005-ல் வன்முறை விளையாட்டுகளைச் சிறுவர்க்கு விற்கலாகாதென்று சட்டம் செய்தது. 2011-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் ஒன்பதின்மரில் எழுவர் அது செல்லாதென்று தீர்ப்பளித்தனர். நாம் அவ்வளவு தூரம் செல்ல வேண்டுவதில்லை. நமது சுப்ரீம் கோர்ட் 1970-ல் அப்பாஸ் வழக்கில் சினிமாத் தணிக்கையை ஒப்புக்கொண்டது. ஆனால் தணிக்கை செய்வோர்க்குத் தெளிவான விதிகள் வேண்டுமென்றும் வற்புறுத்தியது. சிறுவர்க்கு ஒன்று, பெரியவர்க்கு ஒன்று என்ற பாகுபாட்டை நம் சட்டம் நெடுங்காலமாக அறியும். சினிமாவுக்கு இப்போது 7, 13, 16 என்று வயது வகுப்புகளும் ஏற்பட்டிருக்கின்றன.

ஆகவே நாம் வேண்டுவது இது. சினிமாவுக்கு உள்ளதைப் போல் விளையாட்டுகளுக்கும் தெளிவான வயது வகுப்பு வேண்டும். அது பெற்றோர் படிக்கும் பாஷையில் இருக்க வேண்டும். சிறுவர்க்கு நேர வரம்பும் பண வரம்பும் வைக்கும் பொறுப்பை விளையாட்டை விற்று லாபமடையும் கம்பெனிகளின் தலையில் சுமத்த வேண்டும். எதையேனும் அடியோடு தடுக்க நேர்ந்தால், காரணத்தைப் பகிரங்கமாக வெளியிட்டு, கோர்ட்டில் எதிர்க்க வழிவிட்டுத் தடுக்க வேண்டும். போலீஸ் உத்தரவால் பிள்ளை வளர்க்கும் முயற்சியை அடியோடு கைவிட வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. பிள்ளை அழாதிருக்கச் செல்போனைக் கையில் கொடுத்தவர் போலீஸ்காரர் அல்லர். அவன் ஓடியாட இருந்த மைதானத்தில் கட்டடம் எழும்பியபோது வாய்மூடியிருந்தவரும் நாமே. மைதானத்தை மீட்டுக் கொடுப்போம். மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளையோடு உட்கார்ந்து அவன் என்ன ஆடுகிறான் என்று கேட்போம். அதைச் செய்யச் சோம்பி, 144-ஐ வீட்டு வாசலுக்கு அழைப்போமாயின், அது பிள்ளையின் விளையாட்டோடு நில்லாது. நாளை நம் பேச்சுக்கும் எழுத்துக்கும் வந்து நிற்கும்.