பெயரெழுத்து இல்லாத விமானம்

கோடைக்கானலில் ஏழு ரோடு சந்திப்புக்குச் சற்றுக் கீழே, பழைய சாமான்கள் விற்கும் ஒரு சிறு கடையில், சென்ற ஐப்பசி மழைக்கு ஒதுங்கி நின்ற அரைமணி நேரத்தில், சும்மா நிற்பதற்கு வெட்கப்பட்டு நான் வாங்கிய புகைப்படமொன்று இந்த ஓராண்டாக என்னைப் படாதபாடு படுத்திவருகிறது. மேலொன்றும் கீழொன்றுமாக இரட்டை இறக்கை கொண்ட சிறிய விமானம் ஒன்று புல்வெளியில் நிற்கிறது. அதன் பக்கத்தில் சோலாத் தொப்பி அணிந்த ஒரு துரை, வாங்கிய குதிரையைக் காட்டுபவர்போல் இறக்கையின்மேல் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். விமானத்தின் உடலில் ‘வி.டி.’ என்ற எழுத்துக்களும் அவற்றுக்குப் பின் ஓர் ‘ஏ’யும் தெரிகின்றன. மிச்ச எழுத்துக்கள் இருந்த மூலையை இராமபாணப் பூச்சி தின்றுவிட்டது.

விமானங்களுக்கு அந்த எழுத்துக்களே ஜாதகம். அவை முழுவதும் தெரிந்தால் பதிவுப் புத்தகத்தைப் புரட்டி, இன்ன தொழிற்சாலையில் இன்ன இலக்கத்தோடு பிறந்தது, இன்னார் கைக்கு வந்து இன்னார் கைக்குப் போயிற்று, பறக்கத் தகுதியென்று எப்போது சான்று பெற்றது, எந்த வயலில் மூக்குடைந்து விழுந்து எந்தத் தேதியில் பெயர் நீக்கப்பட்டது என்பதுவரை சொல்லிவிடலாம். 1919-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையை அடுத்து நம் நாட்டு விமானங்கள் ‘ஜி-ஐ’ என்று தொடங்கும் எழுத்துக்களைத் தாங்கின. வாஷிங்டனில் 1927-இல் கூடிய ரேடியோ மகாநாட்டின் பயனாக 1929 முதல் ‘வி.டி.’ வந்தது. ‘வைஸ்ராய் டெரிட்டரி’ என்பதன் சுருக்கமே அது என்று படித்தவர்களும் சாதிக்கிறார்கள். வெள்ளைக்காரன் போன பின்னும் அவன் முத்திரையைச் சுமக்கிறோமே என்று ஆத்திரப்படுவதற்கு அது சௌகரியமான கதைதான். ஆனால் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கு மொத்தமாக ஒதுக்கப்பட்ட எழுத்து வரிசையில் நம் பங்குக்கு விழுந்தது அது, அவ்வளவே.

படத்தில் இருப்பது டி ஹாவிலண்ட் கம்பெனியின் ‘மாத்’ வகை என்பதை, விஷயம் அறிந்த நண்பர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். பூச்சி ஆராய்ச்சியில் மோகம் கொண்டிருந்த ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் தம் விமானங்களுக்கு அந்துப்பூச்சிகளின் பெயரை வைத்தார். 1925-இல் முதன்முதல் பறந்த அந்த ரகம், மெய்யான அந்துப்பூச்சியைப் போலவே இறக்கைகளைப் பின்புறம் மடித்துக்கொண்டு ஒரு சிறிய கொட்டகைக்குள் அடங்கிவிடும். அந்துப்பூச்சியின் படத்தை இராமபாணம் தின்றதில் ஏதோ ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. 1930-இல் சென்னையில் பறக்கும் சங்கம் தோன்றிய காலத்தில் நாடெங்கும் சங்கங்களில் பயிற்சிக்கு இருந்தவை பெரும்பாலும் இவைதாம். ஆகவே கடைசி இரண்டு எழுத்து இல்லாமல் என் படத்துக்கு எத்தனையோ ஜாதகங்கள் பொருந்தின. மலையிறங்கிச் சென்று ஓர் அலுவலகத்தில் விசாரித்தபோது, பழைய கட்டுக்களைக் கரையான் கொண்டுபோய்விட்டது என்று, கரையானுக்கு ரசீது கொடுத்து ஒப்படைத்தவர்களைப்போல நிதானமாகச் சொன்னார்கள்.

இந்தத் தேடலில் தோற்றுப்போனவனாகத்தான் நான் 1910-க்குப் போய்ச் சேர்ந்தேன். எழும்பூரில் கன்னிமாரா நூல்நிலையத்திலும் அதைச் சுற்றியுள்ள இடங்களிலும் பழைய ஏடுகளையும் குறிப்புகளையும் புரட்டிக்கொண்டிருந்தபோது எதிர்ப்பட்டவர், மவுண்ட் ரோடில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டாஞ்செலிஸ். துரைமார்களுக்கு விருந்து சமைத்துப் பேர் பெற்ற இம்மனிதர், 1909 ஜூலையில் ப்ளேரியோ இங்கிலீஷ் கால்வாயைப் பறந்து கடந்து ஓராண்டு நிறைவதற்குள், தாமே வரைந்த அமைப்பின்படி ஓர் இரட்டை இறக்கை விமானத்தை, அதே மவுண்ட் ரோடிலிருந்த சிம்ப்ஸன் கம்பெனியாரைக் கொண்டு கட்டுவித்து, குறைந்த குதிரைசக்தியுள்ள ஓர் இயந்திரத்தைப் பொருத்தி, பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்து, அப்பால் 1910 மார்ச்சில் சென்னைத் தீவுத்திடலில் கட்டணம் வைத்து ஜனங்களுக்குக் காட்டினார். இந்தியாவில் விமானம் பறந்ததாக நாம் அறியும் செய்திகளுள் இதைவிடப் பழையது என் கண்ணில் பட்டதில்லை.

ஹோட்டல்காரருக்கு விமானம் எதற்கு என்று சிரிப்பவர்கள், கோச்சு வண்டிக் கம்பெனி அதைக் கட்டியதைக் கேட்டு இன்னும் சிரிக்கக்கூடும். ஆனால் அந்நாளைய விமானம் என்பது என்ன? வளைந்த மரச்சட்டம், இழுத்துத் தைத்த துணி, மேலே வார்னிஷ், குறுக்கும் நெடுக்குமாக முறுக்கிய கம்பி. மெல்லிய இறக்கை ஒன்று தனியே நின்றால் காற்றில் முறியும். இரண்டை அடுக்கி, நடுவே கால் நாட்டிக் கம்பியால் பிணைத்தால் இரும்புப் பாலத்தின் உறுதி வந்துவிடுகிறது என்பதைப் பாலங்களின் அமைப்பிலிருந்து எடுத்து 1896-லேயே செய்துகாட்டியவர் ஷனூட் என்ற எஞ்சினீயர். 1840 முதல் வண்டிகள் கட்டித் தழும்பேறிய சிம்ப்ஸன் பட்டறையின் தச்சர்களுக்கும் தையற்காரர்களுக்கும் இதிலே புதிது இயந்திரம் ஒன்றுதான். டாஞ்செலிஸின் பெயராவது மிஞ்சிற்று. சட்டத்தை இழைத்தவர்களும் துணியைத் தைத்தவர்களும் நம் ஊர்க்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள், அவர்களுடைய பெயர் எந்தக் காகிதத்திலும் எனக்கு அகப்படவில்லை.

இந்த விமானத்தை நாம் ஏன் மறந்தோம் என்பதற்கு அலகாபாத் விடை சொல்லும். 1911 பிப்ரவரி 18-இல் ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு இளைஞர் அங்கிருந்து யமுனைக்கு அப்பாலுள்ள நைனிக்கு, ஏறக்குறைய ஆறு மைலை 13 நிமிஷத்தில் பறந்தார். அவரோடு 6,500 கடிதங்களும் பறந்தன. ஒவ்வொன்றிலும் பிரத்தியேகமான தபால் முத்திரை குத்தியிருந்தது. அந்த உறைகள் உலகமெங்கும் சேகரிப்பாளர்களின் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. பெக்கேயின் பெயரும் அவற்றோடு இருக்கிறது. பதினொரு மாதம் முந்திப் பறந்த சென்னை விமானத்துக்கோ முத்திரையும் இல்லை; பதிவுச் சட்டமே பிறவாத காலமாதலால் எழுத்துக்களும் இல்லை. அலகாபாத்தாரைப்போலக் காகிதத்தை உண்டாக்கிவைக்கும் சாமர்த்தியம் நம்மவர்க்கு இல்லாமற்போயிற்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதை எழுதும் ஜன்னலுக்கு நேரே, மூடுபனி விலகும் போதெல்லாம், வானாராய்ச்சிக்கூடத்தின் வெள்ளைக் கவிகை மாடம் தெரிகிறது. அங்கே 1904 முதல், மேகம் இடங்கொடுத்த நாளிலெல்லாம், சூரியனைப் படமெடுத்துக் கண்ணாடித் தட்டுகளில் பதித்து, தேதியிட்டு அடுக்கிவைத்திருக்கிறார்கள். கோடைக்கு மோட்டார் பாதை முடிந்திராமல், வருகிறவர்கள் அடிவாரத்திலிருந்து நாற்காலியில் சுமக்கப்பட்டும் குதிரையேறியும் வந்த காலம் அது. எனினும் எவர்ஷெட் போன்ற பண்டிதர்கள் ஒரு நாளும் தவறவிடக்கூடாதென்ற விரதத்தோடு அந்த வேலையைச் செய்தார்கள். தீவுத்திடலில் ஜனங்கள் அண்ணாந்து பார்த்த அதே மார்ச் மாதத்துச் சூரியனில் எங்கெங்கே கரும்புள்ளி இருந்தது என்பதை இன்றும் இந்த மலையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்; அந்தச் சூரியனுக்குக் கீழே பறந்த விமானத்தின் நீள அகலத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இடமில்லை.

சென்னையிலும் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் பழைய குடும்பங்கள் இருக்கின்றன. சிம்ப்ஸன் பட்டறையில் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ வேலைபார்த்தார் என்று சொல்லிக்கொள்ளும் வீடுகளும் இருக்கும். அங்கே பரணிலுள்ள பழைய படங்களையும் கணக்குப் புத்தகங்களையும் எடைக்குப் போடுவதற்கு முன், ஒவ்வொன்றையும் ஒரு தடவை திருப்பி, பின்பக்கத்தில் 1910 என்று எழுதியிருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள்.