இதயத்துக்குள் ஒரு நுங்கு

முதலிலேயே டிஸ்கி போட்டுவிடுகிறேன். நான் படித்தது பி.காம், பார்ப்பது வங்கி வேலை. ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டியது கூட இல்லை. ஆனாலும் இதை எழுதியே ஆகவேண்டும். காரணம், நெருளில் எங்கள் சொசைட்டியின் மூன்றாவது மாடி அக்கா.

அக்காவுக்கு நாற்பத்தேழு வயது, திருநெல்வேலிப் பக்கம். லிப்ட் ரிப்பேரான ஒரு நாள் பாதிப் படியில் உட்கார்ந்திருந்தார். "ஒண்ணுமில்ல தம்பி, வயசாகுதுல்லா. படி ஏறுனா மூச்சு வாங்குது" என்றார். அதற்குள் ஏழெட்டு மாதமாக ஆஸ்துமா என்று இன்ஹேலர், ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் ஆகியிருந்தது. சாயங்காலக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்துகொள்ள, டிபியோ என்று சளிப் பரிசோதனை வேறு. கடைசியில் ஒரு டாக்டர் எக்கோ எடுக்கச் சொன்னார். இதயத்தின் இடது மேலறையில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு கட்டி!

"இதயத்துல கூடவா கட்டி வரும்?" என்று கேட்டார் அண்ணாச்சி. எனக்கும் அதுவரை தெரியாது. வரும். ஆனால் அபூர்வம். பிரேதப் பரிசோதனைக் கணக்குகளில் பத்தாயிரம் பேரில் இரண்டு பேர் என்கிற அளவுதான். நுரையீரல், மார்பகம் போன்ற இடங்களில் தொடங்கிய புற்று இதயத்துக்குப் பரவுவது இதைவிடப் பல மடங்கு அதிகம். இதயத்திலேயே முளைப்பவை பெரும்பாலும் புற்று அல்ல. (ஆஞ்சியோசார்கோமா என்று ஒரு பொல்லாதது உண்டு, அது வேறு கதை.) பெரியவர்களிடம் அதிகம் காணப்படுவது மிக்ஸோமா. ஆண்களை விடப் பெண்களுக்கே, அதுவும் முப்பதிலிருந்து அறுபது வயதுக்குள், கூடுதலாக வருகிறது. அக்காவுக்கு வந்ததும் அதுதான்.

மிக்ஸோமா நுங்கு மாதிரி வழவழவென்று இருக்குமாம். மேலறைகளுக்கு நடுவேயுள்ள சுவரில் ஒரு காம்பு பிடித்துத் தொங்கும். இதயம் துடிக்கும்போது ஆடி ஆடி வந்து மைட்ரல் வால்வின் வாயை அடைக்கும். ரத்தம் போக வழியில்லாமல் நுரையீரலில் தேங்குவதால்தான் மூச்சிரைப்பு. சிலருக்குப் படுத்தால் ஒரு மாதிரி, எழுந்தால் ஒரு மாதிரி இருக்கும். திடீர் மயக்கமும் வரலாம். காய்ச்சல், எடைக் குறைவு, ஏறிய இ.எஸ்.ஆர் எல்லாம் இந்தக் கட்டி உடம்பில் கிளப்பிவிடும் அழற்சி. இதையெல்லாம் விடப் பயங்கரம், நுங்கின் ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

டாக்டர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கீல்வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்கள் நம் நாட்டில் ஏராளம். ஸ்டெதஸ்கோப்பில் மிக்ஸோமாவும் கிட்டத்தட்ட அதே சத்தம்தான் போடும். ஆனால் எக்கோவிடம் இந்த வேஷம் பலிக்காது. 1953இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்ற டாக்டரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியல்காரரும் இரும்பில் விரிசல் தேடும் ஒலியலைக் கருவியை இதயத்தின் மேல் வைத்துப் பார்த்த சோதனையில் பிறந்தது அது. ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. அரைமணி நேர வேலை.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அண்ணாச்சிக்கு அவர் கம்பெனி வருடாவருடம் ஈசிஜி, சுகர், கொலஸ்ட்ரால் எல்லாம் பார்க்கிறது. அக்காவுக்கு? காலை ஐந்து மணிக்கு எழுந்து டப்பா கட்டுகிறவருக்கு மூச்சு வாங்கினால் அது வயசு, குண்டு, மாதவிடாய் நிற்கும் நேரம். நம் வீடுகளில் எத்தனை பேர் மனைவிக்கு ஒருமுறையாவது எக்கோ எடுத்திருக்கிறோம்? (என் வீட்டிலும் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.) எல்லோருக்கும் எடுக்கச் சொல்லவில்லை. மாதக்கணக்கில் மூச்சிரைப்பு தீரவில்லை என்றால், "எக்கோ பார்க்கலாமா டாக்டர்?" என்று நாமே வாய்திறந்து கேட்டால் என்ன?

அடுத்த கூத்து, கட்டி என்றதும் கேன்சர் என்று ஊரே அழுதது. "ஆபரேஷன் வேண்டாம், இங்க கூட்டிட்டு வாங்க, பொங்கல் கழிஞ்சு மதுரையில பாத்துக்கிடலாம்" என்று போனுக்கு மேல் போன். பொங்கலுக்கு இரண்டு மாதம் இருந்தது! இதற்கு மாத்திரை மருந்து கிடையாது. துணுக்கு எப்போது பிய்யும் என்று யாருக்கும் தெரியாது என்பதால் கண்டுபிடித்தவுடன் எடுத்துவிடவேண்டும் என்பதுதான் வைத்தியம். 1954இல் ஸ்டாக்ஹோமில் கிராபோர்ட் முதன்முதலாக வெற்றிகரமாக எடுத்துக் காட்டிவிட்டார். இதய நுரையீரல் எந்திரத்தில் ரத்தத்தை ஓடவிட்டு, இதயத்தை நிறுத்தி, காம்பை அதன் வேரோடு, சுவரில் ஒரு துண்டும் சேர்த்து வெட்டுகிறார்கள். ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போட்டுத் தைக்கிறார்கள்.

"முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரியிலயா?" என்று முகம் சுளித்த உறவினருக்கு நான் சொன்னது: இந்தியாவின் முதல் இதய மாற்று அறுவைச் சிகிச்சையை 1968இல் பி.கே.சென் செய்தது பரேலில், அதே மாநகராட்சியின் கே.ஈ.எம்மில்தான். அந்த நோயாளி பிழைக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் அப்படிப்பட்ட பரம்பரை அது.

பணம் வேறு இடித்தது. பெரும்பாலான நம்மவர்கள் மாதிரி அண்ணாச்சியும் ரேஷன் கார்டை ஊரிலேயே வைத்திருக்கிறார். மராட்டிய அரசின் மகாத்மா புலே காப்பீட்டுக்கு இந்த மாநிலக் காகிதம் வேண்டும். முப்பது வருடம் இங்கே வரி கட்டியும் இங்கத்திய கார்டு இல்லை. ஊர்க் கார்டுக்கு இங்கே மதிப்பில்லை. வாடிக்கையாளரிடம் விலாசச் சான்று கேட்டே காலம் தள்ளுகிற நான், பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒருநாளும் இதைக் கேட்டதில்லை. கடைசியில் நகைக்கடன்தான்.

ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். சோதனைச்சாலை அறிக்கையும் புற்று இல்லை என்றது. நூற்றில் ஓரிருவருக்குத் திரும்ப முளைக்கலாமாம். குடும்பவழியாக வருகிற வகையில் அது இன்னும் அதிகம். அதனால் வருடம் ஒரு எக்கோ. அடுத்தது வருகிற புதன்கிழமை. காலை ஆறே காலுக்கே நெருளில் ரயில் ஏறி, குர்லாவில் மாறிப் போகவேண்டும். அண்ணாச்சி லீவு போட்டாயிற்று.